கிக்குயோ வளர்த்த ஈக்கள்

நாகாதோமோ கிக்குயோவுக்கு இந்த உலகத்தில் ஆகாத ஜீவன் ஒன்று உண்டென்றால் அது ஈதான். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்து மதிய உணவுக் கூடத்தில் சமைத்தவள் அவள். நானூறு பிள்ளைகளுக்கான மிசோ சூப் அண்டாவில் ஒரு ஈ விழுந்தால் அந்த அண்டா முழுவதையும் சாக்கடையில் கொட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் இருந்தவரை ஒரு அண்டா கொட்டப்படவில்லை. அவள் ஓய்வு பெற்ற அன்று தலைமை ஆசிரியர் சமையலைப் பற்றி இரண்டு வாக்கியமும் ஈயைப் பற்றி ஐந்து வாக்கியமும் பேசினார். கிக்குயோ அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் அந்த ஐந்து வாக்கியத்தையும் ஒப்பித்தாள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டுக் கொல்லையில், தன் கையால், ஆயிரக்கணக்கில் ஈ வளர்த்தாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் ஆயிற்றே.

எல்லாம் ஒரு மாம்பழத்தால் வந்த வினை. எங்கள் மியாசாகிப் பக்கத்தில் மாம்பழம் என்பது பை நிறைய வாங்கி வந்து தின்கிற சரக்கு இல்லை. பெட்டிக்குள் மெத்தை விரித்து, ஒன்றையோ இரண்டையோ படுக்கவைத்து, பெரிய இடத்துக்கு அனுப்புவது. ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய கூடாரங்களில் அதை விளைவிப்பவர்களே அதை வாயில் வைப்பது அபூர்வம். ஒரு வருஷம் யாரோ புண்ணியவான் பள்ளிக்கூடத்துக்கு முப்பது பழம் அனுப்பிவைத்தார். கிக்குயோதான் அறுத்தாள். பிள்ளைக்கு ஒரு சின்னத் துண்டு. எல்லாத் தட்டும் போன பிறகு, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று அவள் ஒரு கொட்டையை எடுத்துச் சப்பினாள். நார் பல்லில் சிக்கியது. அந்த இனிப்பு அன்று சாயங்காலம் வரை தொண்டையில் இருந்தது என்று அவள் சொல்வாள். அந்த நிமிஷமே, இந்தப் பழத்தை என் வீட்டில் காய்க்கவைத்து, முழுசாக ஒன்று தின்னாமல் விடப்போவதில்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

கணவன் இசாமு பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பதுதான் பதில். கல்யாணப் பேச்சின்போது பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதையே சொல்லி, கிக்குயோவின் அப்பாவை மூன்று வாரம் தூங்கவிடாமல் செய்தவர். மாமரம் வேண்டும் என்று அவள் சொன்னபோதும் பார்க்கலாம் என்றார். ஆனால் மறுவாரமே தன் தம்பி மினோருவிடம் போய் இரும்புக் குழாய்களை வாங்கிவந்துவிட்டார். மினோரு பக்கத்து ஊரில் கூடாரம் போட்டு வெள்ளரிக்காய் விளைவிப்பவன். அவன் களத்தில் சும்மா கிடந்த குழாய்கள். உனக்குத் தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள் என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு.

கொல்லையில் அந்தக் குழாய்களை வளைத்து நட்டு, பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஒரு சின்னக் குடில் எழுந்தது. இரண்டு கார் நிற்கிற அகலம்தான். பகல் வெயிலைப் பிடித்துவைக்க, கறுப்பு வண்ணம் அடித்த ஏழு பீப்பாய்களில் தண்ணீர். உறைபனிக் காலத்துக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பழைய குளியல் தொட்டி ஒன்றும் உள்ளே வந்தது. அது எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நடுவில் ஒட்டுக்கன்று ஒன்றை நட்டாள் கிக்குயோ.

மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. மூன்றாம் வருஷமே பூத்தது. சிவந்த காம்புகளில் கொத்துக் கொத்தாக, அரிசிக் குருணை மாதிரி பூ. கிக்குயோ அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். பிறகு எல்லாம் கொட்டியது. நான்காம் வருஷம் பூத்துக் கொட்டியது. ஐந்தாம் வருஷம், ஆறாம் வருஷம், ஏழாம் வருஷம், பூக்கும், கொட்டும், கூட்டிப் பெருக்கித் தள்ளுவாள். உரம் மாற்றிப் பார்த்தாள். தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். மரத்தைத் திட்டியும் பார்த்தாள்.

எட்டாம் வருஷத்துப் புத்தாண்டுக்கு மினோரு வந்தான். அண்ணனும் தம்பியும் சர்க்கரைவள்ளிக்கிழங்குச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளரிக்காய்க்கு இன்னொரு கூடாரம் போடப்போவதாகவும், அந்தக் குழாய்கள் வேண்டும் என்றும் தம்பி சொன்னான். ஆகஸ்டு முதல் ஞாயிறு வண்டியோடு வந்து எடுத்துக்கொள் என்று அண்ணன் சொல்லிவிட்டார். சமையலறையில் இருந்த கிக்குயோவின் காதில் இது விழுந்தது. மினோரு போகும்வரை வாயைத் திறக்கவில்லை. போனதும் வந்து நின்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"அவன் பொருள். கேக்கிறான். அஞ்சு வருஷமா பூவைத்தானே பெருக்கித் தள்றே."

"இந்த வருஷம் காய்ச்சா?"

இசாமு கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்தார். "பாக்கலாம்" என்றார்.

அந்தப் பார்க்கலாமை நம்பி எதுவும் செய்ய முடியாது என்று கிக்குயோவுக்கு நாற்பது வருஷ அனுபவம். ஆனால் வேறு பிடி எதுவும் இல்லை. ஆகஸ்டுக்குள் மரத்தில் காய் தொங்கினால் ஒருவேளை குடில் தப்பும். தொங்காவிட்டால் நிச்சயம் போகும். வெட்டவெளியில் நின்றால் அந்த மரம் எங்கள் ஊர்க் குளிரில் அடுத்த பிப்ரவரியைத் தாண்டாது.

பிப்ரவரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காத்திருக்கும் இடத்தில், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு தலையை அண்ணாந்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்ததில் அவர் ஆறு பெரிய கூடாரங்களில் மா விளைவிப்பவர் என்று தெரிந்தது. கிக்குயோ விடுவாளா? தன் மரத்தின் கதையை முழுவதும் சொன்னாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார், உள்ளே ஈ வருகிறதா என்று. ஈயா, என் குடிலில் ஒரு ஈ நுழைய முடியாது என்று கிக்குயோ நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். ஜன்னலுக்கு ஜன்னல் வலை அடித்திருப்பதையும், தப்பித் தவறி நுழைந்தால் ஒட்டிக்கொள்ள எட்டுப் பசைநாடாக்களைத் தொங்கவிட்டிருப்பதையும் பெருமையாக விவரித்தாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில், விட்ட மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்தது. நர்ஸ் வந்து மறுபடி விட வேண்டியதாயிற்று.

மாம்பூவுக்கு மகரந்தம் ஏற்றுவது ஈதான் அம்மா என்றார் அவர். தேனீ விடுகிறவர்கள் உண்டு. ஆனால் மாம்பூவைக் கண்டால் தேனீ முகம் சுளிக்கும், ஈ முகம் சுளிக்காது. பூப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் மீன் தலையைக் கூடையில் போட்டு உள்ளே வைத்துவிடு, ஜன்னலைத் திறந்துவிடு, மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அவர் டாக்டரிடம் போய்விட்டார்.

கிக்குயோ வீட்டுக்கு வந்து குடிலுக்குள் தனியாக நின்றாள். பசைநாடாவில் ஏழு வருஷத்து ஈக்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு காய் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தன் பிள்ளையின் வாயில் தானே துணி அடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. நாடாக்களைப் பிடுங்கி எறிந்தாள், வலைகளைக் கிழித்தாள், மறுநாள் துறைமுகத்துக்குப் போய்ச் சூரை மீன் தலைகளுக்குச் சொல்லிவைத்தாள்.

இங்கேதான் ஒரு விஷயம். எங்கள் ஊரில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தரும் வேலை எதுவானாலும், கூரை மாற்றுவதோ கிணறு தோண்டுவதோ, முன்கூட்டியே ஒரு பெட்டி இனிப்போடு வீடு வீடாகப் போய்த் தலைவணங்கி, உங்களுக்குச் சிரமம் கொடுக்கப்போகிறேன், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். முன்னால் சொல்லிவிட்டால் வாசலில் யானையைக் கட்டினாலும் ஒருவரும் முணுமுணுக்கமாட்டார்கள். சொல்லாமல் செய்தால் ஒரு ஆணி அடித்தாலும் பத்து வருஷத்துக்கு மறக்கமாட்டார்கள்.

கிக்குயோவுக்கு இது தெரியாதா? பக்கத்து வீட்டு ஹமாசுனா தொயோகோவுக்கென்று நல்ல பெட்டியாக வாங்கினாள். தொயோகோ எழுபத்திரண்டு வயது, தனிக்கட்டை, கூர்மையான நாக்கு. குடிலுக்கும் அவள் துணி உலர்த்தும் கம்பிக்கும் இடையே பத்தடிகூட இல்லை. இரண்டு தடவை அந்த வாசல்வரை போய்விட்டுக் கிக்குயோ திரும்பி வந்தாள். இந்தத் தெருவில், கிக்குயோ இருக்கிற இடத்தில் ஈ நிற்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் தொயோகோதான். அவளுடைய இரண்டு மகள்களும் கிக்குயோ கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவளிடம் போய், அக்கா, நான் ஈ வளர்க்கப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு நாள் கழித்து அந்த இனிப்பைக் கிக்குயோவும் இசாமுவும் தேநீரோடு தின்று தீர்த்தார்கள்.

மார்ச் நடுவில் பதினாறு தலைகளை மூங்கில் கூடையில் போட்டு மரத்தடியில் வைத்தாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் தெரிந்தது. ஈ உள்ளே வர ஜன்னலைத் திறந்தாக வேண்டும், வாடை வெளியே போவதும் அதே ஜன்னல் வழியாகத்தான். கிக்குயோ வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு தினமும் உள்ளே போனாள். பச்சைப் பளபளப்போடு ஈக்கள் வந்தன, முட்டையிட்டன, பெருகின. உடம்பெல்லாம் கூசினாலும், பூ விரியத் தொடங்கியபோது அவை கொத்துக்குக் கொத்து தாவுவதைப் பார்த்து, சாப்பிடுங்கள் சாமிகளா என்று மனதுக்குள் கும்பிட்டாள். இசாமு மட்டும் கடற்காற்று நல்லது என்று சொல்லிக்கொண்டு காலையில் போனால் மதியம்தான் வந்தார்.

தெரு மோப்பம் பிடிக்கத் தொடங்கியது. எங்கேயோ பூனை செத்துக் கிடக்கிறது என்றார்கள் முதலில். பூனைகளை எண்ணினார்கள், எல்லாம் உயிரோடு இருந்தன. பிறகு சாக்கடை என்றார்கள். தெருச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாக வந்தது, ஏப்ரல் முதல் ஞாயிறு காலை எல்லோரும் சேர்ந்து சாக்கடை அள்ளுவது, வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். கிக்குயோ படித்தாள். படித்ததற்கு அடையாளமாகத் தன் முத்திரையைக் குத்தினாள். அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுக்கு அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தொயோகோ நிற்கிறாள். கறுப்புக் கம்பளி மேலங்கி, கையில் இனிப்புப் பெட்டி. இடுப்பு வளைய வணங்கினாள்.

"கிக்குயோ, ரொம்ப மன்னிக்கணும். என் வீட்டுப் பழைய கழிவுத் தொட்டிதான் இந்த நாத்தத்துக்குக் காரணம்னு நினைக்கிறேன். எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேன். உன் வீடுதான் பன்னிரண்டாவது. பக்கத்துலயே இருக்கே, உனக்குத்தான் ரொம்பக் கஷ்டம்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, கிக்குயோவுக்கும் இல்லை. ஆனால் ஒருத்தி தலைகுனிந்து பெட்டியை நீட்டினால் பதிலுக்குத் தலைகுனிந்து இரண்டு கையாலும் வாங்குவது இந்த ஊரில் உடம்போடு வளர்ந்த பழக்கம். மூளை யோசிப்பதற்குள் கை வாங்கிவிட்டது. ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா என்று வாயும் சொல்லிவிட்டது. கதவை மூடிவிட்டுக் கிக்குயோ நடைக்கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெட்டியை அவள் பிரிக்கவில்லை.

ஞாயிறு காலை பதின்மூன்று வீட்டிலிருந்தும் மண்வெட்டியும் வாளியுமாக இறங்கினார்கள். இசாமு முந்தின வாரமே முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டதால் கிக்குயோதான் போனாள். சிமெண்டுப் பலகைகளைப் புரட்டிச் சேற்றை அள்ளினார்கள். அப்படியொன்றும் நாற்றமான சேறு இல்லை. நாற்றம் என்னவோ மேலிருந்துதான் வந்தது. சங்கத் தலைவர் யானோ மரியாதையான மனிதர், யாரையும் சுட்டிப் பேசமாட்டார். அவர் தொயோகோ வீட்டுப் பக்கமாகக் கண்ணைக்கூடத் திருப்பாமல், கழிவுத் தொட்டியைத் தோண்டிப் பார்க்க நகராட்சிக்குச் சொல்லிவைப்பது எல்லோருக்கும் நிம்மதியாக இருக்குமோ என்னவோ என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சேற்றைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

தொயோகோ தன் வாசலில் முட்டிபோட்டுக்கொண்டு, சாக்கடைச் சுவரைப் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தது போதும் என்று யாரோ சொல்லியும் நிறுத்தவில்லை. மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று ஒவ்வொரு தேய்ப்புக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போதும் ஊரையே வறுத்தெடுக்கும் அந்த நாக்கில் வேறு வார்த்தை வரவில்லை.

கிக்குயோவின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. அவள் சாக்கடைக்குள்ளேயே, அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"சாக்கடை இல்லை. தொயோகோ அக்கா வீடும் இல்லை. நான்தான். என் குடில்ல மீன் தலை வச்சிருக்கேன். ஈ வளக்கிறேன்."

ஈயா என்று யாரோ கேட்டார்கள். கிக்குயோ குனிந்த தலையை நிமிர்த்தாமல் மாம்பூவையும், ஏழு வருஷத்தையும், ஆகஸ்டில் குடில் போகப்போவதையும் சொன்னாள். இன்றைக்கே எடுத்துப் புதைத்துவிடுகிறேன் என்றும் சொன்னாள். யானோ தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் நகராட்சிக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார். தொயோகோ எழுந்தாள். பிரஷ்ஷை வாளியில் போட்டாள்.

"என் இனிப்பை வாங்கிக்கிட்டியேடி" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைதிருந்தால் தேவலை என்று இருந்தது கிக்குயோவுக்கு. வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் குடிலுக்குப் போனாள். பூ பாதிதான் விரிந்திருந்தது. இன்னும் பத்து நாள் ஈ வேண்டும். மீன் போனால் ஈ போகும், ஈ போனால் எட்டாம் வருஷமும் பெருக்கித் தள்ள வேண்டியதுதான். எட்டாம் வருஷத்தோடு கதை முடிந்தது. முதுகு வலிக்காரர் இசாமு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கொல்லை மூலையில் குழி தோண்டத் தொடங்கினார். கிக்குயோ கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அழுதாள், நாற்றத்தில் மூக்கைத் துடைக்கவும் முடியவில்லை.

"எத்தனை நாள் வேணும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் தொயோகோ நின்றிருந்தாள். உடை மாற்றியிருந்தாள். முகம் இறுகித்தான் இருந்தது.

"வேண்டாம் அக்கா, புதைச்சுடறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எத்தனை நாள்?"

"பத்து."

தொயோகோ கூடையைப் பார்த்தாள். அதற்குள் நெளிவதைப் பார்த்தாள். கண்ணைத் திருப்பவில்லை.

"பன்னிரண்டு வீட்டு வாசல்ல நான் தலை குனிஞ்சாச்சு. செய்யாத தப்புக்கு. இப்போ நீ இதைப் புதைச்சுட்டா, நான் குனிஞ்சதுக்கு என்ன மிச்சம்? ஒண்ணுமில்லாததுக்கா குனிஞ்சேன்? கொண்டுபோய் உள்ளே வை. காய் காய்க்கட்டும்." பிறகு பழைய தொயோகோ திரும்பி வந்தாள். "ஆனா என் துணி காயற பக்கம் வைக்காதே. அந்தக் கோடிக்கு நகத்து. அப்புறம் பன்னிரண்டு வீட்டுக்கும் நீ போற, என்னை மாதிரியே குனியற. நான் ஜன்னல்லேர்ந்து பாப்பேன்."

கிக்குயோ அன்று சாயங்காலமே போனாள். தொயோகோ ஜன்னலிலிருந்து பார்த்தாள். குனிந்தது போதாது என்று ஒரு வீட்டு வாசலில் மறுபடி குனியச்சொல்லிக் கைகாட்டியதாகக்கூடக் கேள்வி. யாரும் கோபப்படவில்லை. முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் ஒவ்வொருவரும் சொன்னார்கள், அதைப் பன்னிரண்டு தடவை கேட்பதற்குக் கன்னத்தில் ஒரு அறையே வாங்கியிருக்கலாம். பத்து நாளும் தெரு முழுக்க வீட்டுக்குள்ளேயே துணி காயப்போட்டது.

பூ கொட்டியது. கொட்டிய காம்புகளில் மிளகளவு பச்சை நின்றது. கிக்குயோ அதைத் தொடப் பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒன்று, பத்து, ஐம்பது. மே மாதத்தில் பாதி உதிர்ந்தது, ஜூன் மழையில் மீதியில் பாதி. ஒவ்வொரு காலையும் உதிர்ந்ததைப் பொறுக்கி எண்ணினாள். கடைசியில் பதினொன்று தங்கின. ஒவ்வொரு காய்க்கும் கயிறு கட்டி, வெயில் படும்படி மேலே தூக்கி, குடிலின் குழாயில் முடிச்சுப் போட்டாள். காய் பழுக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வலைப்பை மாட்டினாள். எங்கள் ஊரில் மாம்பழத்தைப் பறிப்பதில்லை. அதுவாகப் பழுத்து, அதுவாகக் காம்பை விட்டு, வலையில் விழ வேண்டும். அதற்கு முன்னால் கைவைத்தால் அது பழம் இல்லை என்பது இங்கே பேச்சு.

ஆகஸ்டு முதல் ஞாயிறு வந்தது. பதினொன்றும் செக்கச்செவேலென்று தொங்கின. ஒன்றுகூட விழவில்லை. இசாமுவோ ஏப்ரலிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, கிக்குயோவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். காலை எட்டு மணிக்கு மினோருவின் சின்ன லாரி சந்துக்குள் நுழைகிற சத்தம் கேட்டதும் அவள் குடிலுக்குள் போய் மரத்தடியில் நின்றுகொண்டாள். கயிற்றை அவிழ்க்கச்சொன்னால் அவிழ்க்க வேண்டியதுதான், ஆனால் தன் கையால்தான் அவிழ்ப்பது என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே மினோரு ஸ்பானரோடு இறங்கினான். இசாமு குடிலின் கதவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"குழாயெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சுடா" என்றார்.

மினோரு எட்டிப்போய் ஒரு குழாயை ஸ்பானரால் தட்டினான். கோயில் மணி மாதிரி கேட்டது. "நல்லாத்தானே இருக்கு, அண்ணே?"

"உள்பக்கம் துரு."

"உள்பக்கம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

நாற்பது வருஷம் பேருந்து ஓட்டியும் பொய் சொல்லிப் பழகாத மனிதர். காது மடல் சிவந்துவிட்டது. மினோரு அண்ணனின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். பிளாஸ்டிக் தாளின் வழியே வந்த வெயிலில், அவனுடைய குழாயிலிருந்து பதினொரு வலைப்பைகள் தொங்குவதையும், அவற்றுக்கு நடுவே அண்ணி கும்பிடாத குறையாக நிற்பதையும் பார்த்தான். விளைவிக்கிறவன் கண்ணுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஸ்பானரைப் பையில் போட்டான்.

"ஆமா அண்ணே. பயங்கரத் துரு. தொட்டா கையைக் கிழிச்சுடும்." குரலை உயர்த்தினான். "அண்ணி, துரு உதிர்ந்தா எனக்கும் ரெண்டு குடுத்துவிடுங்க."

லாரி வெறுமையாகத் திரும்பிப் போனது. கிக்குயோவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தாள்.

முதல் பழம் வியாழக்கிழமை விழுந்தது. எத்தனை மணிக்கு என்று தெரியாது, காலையில் போய்ப் பார்த்தபோது வலையில் கிடந்தது. கிக்குயோ அறுக்கவில்லை. தோலை உரித்து, முழுசாகக் கையில் பிடித்து, சமையலறையில் நின்றபடியே கடித்தாள். சாறு முழங்கைவரை ஓடியது. இசாமு பக்கத்தில் நின்று, அவள் தரும்வரை காத்திருந்து, ஒரு கடி கடித்தார். இரண்டாவது பழம் தொயோகோவுக்குப் போனது. அவள் அங்கேயே வாசலில் நின்று தின்றுவிட்டு, கொஞ்சம் புளிப்பு என்றாள். கொட்டையில் ஒரு நாரும் மிச்சமில்லாமல் சப்பியிருந்தாள்.

அன்று மத்தியானம் கிக்குயோ மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது இசாமு உள்ளே வந்தார். கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துறைமுகப் பக்கம் போறேன்" என்றார். "அடுத்த வருஷத்துக்கு எத்தனை தலை வேணும்?"